போர்ட் எண் காலியா? சோதனை புரோகிராமையும் சோதித்துப் பாருங்கள்

கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் சிலர், ஏதாவது ஒரு புரோகிராமை இயக்கும்போது ‘இந்த போர்ட் ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது’ என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டரை ஒரு முறை நிறுத்தி இயக்கினால் செய்தி போய்விடும். நாமும் மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான் மறந்தேன். அதனால் மாமல்லபுரத்தில் ஒரு குடும்பம் இரவு பத்து மணிக்கு ரூம் இல்லாமல் உட்கார நேர்ந்தது. அந்த அனுபவத்தை ஒட்டி, போர்ட் என்றால் என்ன, அதை ஒதுக்கித் தரும் புரோகிராமை எப்படிச் சோதிப்பது என்று இங்கு பார்க்கலாம்.

போர்ட் என்பது என்ன?

நெட்வொர்க்கில் உங்கள் கம்ப்யூட்டருக்கு ஐ.பி. முகவரி ஒன்று உண்டு. அது ஒரு லாட்ஜின் முகவரி போன்றது. உள்ளே பல புரோகிராம்கள் இயங்குகின்றன. வரும் தகவல் எந்த புரோகிராமுக்கு என்பதைச் சொல்லும் ரூம் எண்தான் போர்ட். இது கம்ப்யூட்டரின் பின்னால் கேபிள் செருகும் போர்ட் அல்ல, வெறும் எண்.

போர்ட் எண்கள் 0 முதல் 65535 வரை உள்ளன. 1023 வரை உள்ளவை பொதுவான சேவைகளுக்கானவை. இணையப் பக்கங்களுக்கு 80, பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443, மெயில் அனுப்ப 25 என்பவை இதில் அடங்கும். 1024 முதல் 49151 வரை உள்ளவற்றில் பல எண்கள் குறிப்பிட்ட சாப்ட்வேர்களின் பெயரில் பதிவு செய்யப்பட்டவை. அதற்கு மேல் உள்ளவை தற்காலிகத் தேவைக்கு.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே இதைப் பார்க்கலாம். விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’ என்று தேடித் திறக்கவும். ‘நெட்ஸ்டாட்’ கட்டளையை ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் அதை ஒட்டி ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்துகளும் அமைத்து என்டர் தட்டவும். ஒரு பட்டியல் கிடைக்கும். அதில் முகவரிக்குப் பின் முக்காற்புள்ளியை அடுத்து இருப்பதே போர்ட் எண். கடைசி வரிசையில் இருப்பது அந்த புரோகிராமின் அடையாள எண். டாஸ்க் மானேஜரில் ‘டீடெய்ல்ஸ்’ பகுதிக்குச் சென்றால் அந்த எண் எந்த புரோகிராமுடையது என்று தெரிந்துவிடும்.

நான் செய்த தவறு

நான் செங்கல்பட்டில் இருந்துகொண்டு சிறு கடைகளுக்கு புரோகிராம் எழுதித் தருபவன். மாமல்லபுரத்தில் ஒரு சிறிய லாட்ஜுக்கு ரூம் பதிவு செய்யும் புரோகிராம் எழுதினேன். வரவேற்பறையில் ஒரு கம்ப்யூட்டர், உரிமையாளர் அறையில் ஒன்று. இரண்டும் ஒரே சர்வர் புரோகிராமுடன் பேசும்.

இதைச் சரிபார்க்க 36 சிறு சோதனைகளை எழுதினேன். ஒவ்வொரு சோதனையும் ஒரு போர்ட்டில் சர்வரை இயக்கி, கேள்வி கேட்டு, விடை சரியா என்று பார்த்து நிறுத்தும். ஒவ்வொன்றாக இயக்கினால் நேரம் ஆகிறதென்று, நான்கு நான்காக ஒரே சமயத்தில் இயக்கினேன். அன்று முதல் சில நேரம் ஏதோ ஒரு சோதனை தோல்வி என்று காட்டும். மறுபடி இயக்கினால் வெற்றி. ‘போர்ட் மோதல், வேறொன்றும் இல்லை’ என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் மாதம், சனிக்கிழமை இரவு. லாட்ஜ் உரிமையாளர் போனில் அழைத்தார். “தம்பி, ஒரே ரூமை ரெண்டு பேருக்குக் கொடுத்துட்டுதே உங்க புரோகிராம்! வயசான பாட்டியை வச்சுகிட்டு ஒரு குடும்பம் வெளியில உட்கார்ந்திருக்கு” என்றார். சீசன் நேரம். அவர் நான்கு லாட்ஜுகளுக்குப் போன் செய்து வேறு இடம் பிடித்துக் கொடுத்தார்.

தோல்வி காட்டிய சோதனைகளில் ‘ஒரே ரூமை இருவர் கேட்டால்’ என்ற சோதனையும் பல முறை இருந்தது. போர்ட் மோதல் என்ற கூச்சலில் அந்த உண்மையான எச்சரிக்கை என் காதில் விழவில்லை.

போர்ட் மோதல் ஏன் வந்தது?

ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் 0 என்ற எண்ணைக் கொடுத்து போர்ட் கேட்டால், காலியாக உள்ள ஓர் எண்ணை அதுவே தேர்ந்தெடுத்துத் தரும். என் சர்வருக்கோ செட்டிங்ஸ் பைலில் எண்ணை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். எனவே என் ஒதுக்கீட்டு புரோகிராம் 0 கொடுத்து ஓர் எண்ணை வாங்கி, அதைக் குறித்துக்கொண்டு, போர்ட்டை மூடிவிட்டு, எண்ணை மட்டும் சர்வருக்குக் கொடுத்தது. மூடிய பிறகும் சர்வர் திறப்பதற்கு முன்பும் உள்ள சிறு இடைவெளியில் வேறொரு சோதனை அதே எண்ணைப் பிடித்துக்கொள்ளும். ‘ரூம் காலி’ என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சாவி வாங்காமல் டீ குடிக்கப் போனது போலத்தான்.

சர்வரே 0 கொடுத்துத் திறந்து, கிடைத்த எண்ணை நமக்குச் சொன்னால் இந்த இடைவெளியே இருக்காது. அது முடியாதபோது கீழ்க்கண்டவாறு செய்திடலாம். 20000 முதல் 20999 வரை என்று தனி வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் விஸ்டா முதல் தற்காலிக எண்கள் பொதுவாக 49152-லிருந்தும், லினக்ஸில் 32768-லிருந்தும் தொடங்குவதால், சிஸ்டம் தானாக இந்த எண்களைத் தொடாது. ஓர் எண்ணைக் கொடுக்கும்போது அந்த எண்ணுக்கு ஒரு பூட்டு பைலை உருவாக்கி, சோதனை முடியும் வரை பிடித்து வையுங்கள்.

ஒதுக்கீட்டு புரோகிராமுக்கு ஐந்து சோதனைகள்

1. கிடைத்த எண்ணில் உண்மையிலேயே ஒரு சர்வரைத் திறந்து, இணைப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

2. திருப்பித் தராமல் 100 எண்கள் கேளுங்கள். நூறும் வேறு வேறாக இருக்க வேண்டும்.

3. 20005-ஐ நீங்களே வேறொரு புரோகிராமால் திறந்து வைத்துவிட்டுக் கேளுங்கள். அந்த எண் வரக்கூடாது.

4. நான்கு தனித்தனி புரோகிராம்களாக ஒரே சமயத்தில் இயக்கி, கிடைத்த எண்களை ஒரே பட்டியலில் சேருங்கள். ஓர் எண் இரு முறை வந்தால் பூட்டு வேலை செய்யவில்லை என்று பொருள். என் பழைய புரோகிராம் தோற்றது இங்கேதான்.

5. மூன்று எண்கள் மட்டுமே உள்ள வரம்பைக் கொடுத்து நான்காவது எண் கேளுங்கள். ‘காலி இல்லை’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒன்றைத் திருப்பித் தந்த பின் கேட்டால் அது மீண்டும் கிடைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. லினக்ஸுக்கான மாதிரி புரோகிராம்களில் ‘ரீயூஸ் அட்ரஸ்’ என்ற தேர்வு பெரும்பாலும் இருக்கும். சர்வரை நிறுத்தியவுடன் அதே போர்ட்டில் மீண்டும் திறக்க அங்கு அது உதவும். விண்டோஸில் அதே தேர்வு, வேறொருவர் பிடித்திருக்கும் போர்ட்டையும் திறக்க விட்டுவிடும். பிழைச் செய்தியே வராது. விண்டோஸில் ‘எக்ஸ்க்ளூசிவ் அட்ரஸ் யூஸ்’ என்ற தேர்வைப் பயன்படுத்துங்கள்.

பிறகு என்ன ஆயிற்று?

ஒதுக்கீட்டைச் சரி செய்த பின் 36 சோதனைகளையும் ஐம்பது முறை இயக்கினேன். போர்ட் மோதல் ஒரு முறை கூட இல்லை. ஆனால் ‘ஒரே ரூம்’ சோதனை மட்டும் அவ்வப்போது தோற்றது. பார்த்தால் அதே தவறு. என் புரோகிராம் முதலில் ரூம் காலியா என்று பார்த்து, பிறகு தனியாகப் பதிவு செய்தது. இடையில் மற்ற கம்ப்யூட்டர் பதிவு செய்துவிட்டது. பார்ப்பதையும் பதிவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாக மாற்றியதும் சரியானது.

செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியிலும் சிறுசேரி சிப்காட்டிலும் சாப்ட்வேர் சோதிப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் நாளை அங்கு போகலாம். அவர்களுக்கு இப்போதே ஒன்றைச் சொல்லி வையுங்கள். ஒரு சோதனை ஒரு முறை தோற்று மறுமுறை வென்றால், அதை வெற்றி என்று குறிக்க வேண்டாம். காரணம் தெரியும் வரை அது தோல்விதான்.

லாட்ஜ் உரிமையாளர் இன்னும் அதே புரோகிராமைத்தான் பயன்படுத்துகிறார். ஆனாலும் சீசன் வந்தால் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் ரூம் எண்ணை எழுதி வைத்துக்கொள்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.