பேழையுள் ஒரு முகம்

மனித உடல் அழியும் இயல்பினது. ஆயினும், அன்புடையார் முகத்தை அழியாது காத்தல் வேண்டும் என்னும் விருப்பம் மாந்தர் உள்ளத்தை விட்டு நீங்குவதில்லை. அவ்விருப்பத்தால் கல்லிலும் மண்ணிலும் முகம் வடிக்கும் சிற்பக்கலை வளர்ந்தது. பன்னூறு ஆண்டுகளின் பின்னர் நிழற்படக்கலையும் தோன்றியது. இவ்விரு கலைகளும் ஒருங்கே கூடிய அரும்பொருள் ஒன்று உண்டு. மார்பளவுச் சிலையொன்றைப் படமாக்கிச் சிறு பேழையுள் வைத்துக் காத்த பழைய நிழற்படமே அது. அதன் சிறப்பினை ஈண்டுக் காண்போம்.

பிரான்சு நாட்டினரான டாகேர் என்பார் ஒளியால் உருவம் பதிக்கும் முறையொன்றைக் கண்டார். அச்செய்தியை 1839-ஆம் ஆண்டு சனவரி 7-ஆம் நாள் அரகோ என்னும் அறிஞர் பாரிசு நகரத்து அறிவியற் கழகத்தில் எடுத்துரைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் அம்முறை முழுவதும் வெளியிடப்பட்டது.

வெள்ளி பூசிய செப்புத் தகட்டினைக் கண்ணாடிபோல் மெருகிடுவர். அயோடின் ஆவி பட்டதும் அது ஒளியை உணரும் தன்மை பெறும். அதனைக் கேமராவினுள் வைத்து, எதிரே உள்ள பொருளின் ஒளி படுமாறு செய்வர். பின்னர்ப் பாதரச ஆவியில் காட்டினால், மறைந்திருந்த உருவம் மெல்ல வெளிப்படும். இறுதியில் உப்புக் கரைசலால் கழுவி, உருவம் நிலைக்கச் செய்வர்.

தொடக்கக் காலத்தில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆயின. அத்துணை நேரம் இமையாமலும் அசையாமலும் இருத்தல் உயிருள்ளார்க்கு அரிது. சிலையோ சலியாது, கண் கொட்டாது, எத்துணை நேரமும் நின்றபடி நிற்கும். வெண்மையான சலவைக்கல்லும் சுண்ணச்சாந்தும் ஒளியை மிகுதியாகத் திருப்பித் தருவன. ஆதலின் சிலைகள் படத்திற்கு மிகவும் ஏற்றனவாயின. 1837-ஆம் ஆண்டிலேயே டாகேர் சாந்துச் சிலை வடிவங்களை அடுக்கி வைத்துப் படம் எடுத்தார்.

இதனினும் சிறந்த காரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவரான வாசிங்டன் 1799-இல் மறைந்தார். நிழற்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது அதற்கு நாற்பது ஆண்டுகளின் பின்னர். ஆயின் அவர்தம் முகத்தைக் கேமரா காண்பது எங்ஙனம்? 1785-ஆம் ஆண்டில் ஊதோன் என்னும் பிரான்சுச் சிற்பி கடல் கடந்து சென்று, மவுண்ட் வெர்னான் என்னும் அவரது இல்லத்தில் தங்கினார். அவர் முகத்தின்மேல் சாந்து பூசி அச்செடுத்தார். களிமண்ணால் மார்பளவுச் சிலையும் வடித்தார். அச்சிலை இன்றும் அவ்வில்லத்தில் உள்ளது. இத்தகைய சிலைகளும் ஓவியங்களுமே முன்னோர் முகத்தைக் கேமராவின் முன் கொணர்ந்து நிறுத்தின.

இங்ஙனம் எடுத்த தகட்டின்மேல் பித்தளைச் சட்டமும் கண்ணாடியும் பொருத்தி, ஓரங்களைத் தாளால் ஒட்டிக் காற்றுப் புகாது அடைத்தனர். தோல் போர்த்து, உள்ளே வெல்வெட்டுத் துணி பதித்த பேழையுள் அதனை வைத்தனர். உள்ளங்கையில் அடங்கும் அப்பேழையைத் திறந்தால், முதலில் காண்பார் தம் முகமே தகட்டில் தெரியும். சற்றே சாய்த்தால் சிலையின் முகம் தோன்றும். பொதுவாக அதில் வலம் இடமாக மாறியிருக்கும்.

இப்படத்திற்கு மறுபடி இல்லை. தகடு ஒன்று, படமும் ஒன்றே. தூசி படிந்ததென்று எண்ணி ஒருவர் தகட்டினைத் துணியால் துடைப்பாராயின், அம்முகம் நொடியில் அழியும். கண்ணாடியின் அடைப்பு நீங்கினும் காற்றுப் பட்டு வெள்ளி கறுக்கும். சாந்துச் சிலையும் எளிதில் உடைவது. சிலை உடைந்துபோன பின்னர், அதன் வடிவிற்கு அத்தகடே தனிச் சான்றாய் நிற்றலும் கூடும். அச்சான்றும் அழிந்தால், சிற்பியின் உழைப்போடு அம்முகமும் இரண்டாம் முறை மறையும்.

கல்லின் படந்தானே என்று அதனை இகழ்தல் தகாது. வாழ்ந்தவர் முகத்தைச் சிற்பி காத்தார். சிற்பியின் செயலை ஒளி காத்தது. ஒளியின் எழுத்தைப் பேழை காத்தது. பேழையைக் காப்பது நம் கடன். பழம்பொருளைக் கையில் எடுப்போர் முதலில் அதன் இயல்பை அறிதல் வேண்டும். அறியாது செய்யும் தூய்மையும் அழிவாய் முடியும்.