விடியலின் குரல்

நுழையும்முன்

சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் அருகருகே வாழ்கின்றன. இங்குள்ள இல்லங்கள் பலவற்றில் பொழுது விடியும்போது ஒரு பெண்குரல் ஒலிக்கும். அக்குரலுக்குரியவர் மதுரையில் பிறந்த இசைமேதை எம்.எஸ். சுப்புலட்சுமி. அவர்தம் இசைத்தட்டுப் பயணத்தை இப்பாடத்தில் அறிவோம்.

பத்து வயதில் முதல் தட்டு

சுப்புலட்சுமி 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் பிறந்தார். தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின் கலைஞர். 1926இல், தாயார் வீணை வாசிக்க, பத்து வயதுச் சிறுமியின் பாடல் முதன்முதலாக இசைத்தட்டில் பதிவாயிற்று. அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்று மிகுதியாகவே பாட இயலும். விரிவான ஆலாபனைக்கு அதில் இடமில்லை. குறுகிய நேரத்திற்குள் பாடலின் அழகு முழுவதையும் உணர்த்துதல் வேண்டும். இளமையிலேயே அவர் அப்பயிற்சியைப் பெற்றார்.

சுப்ரபாதம்

பின்னர் நெடுநேரம் ஒலிக்கும் தட்டுகள் வந்தன. 1963இல் அவர் பாடிய வேங்கடேச சுப்ரபாதம் அத்தகைய தட்டாக வெளிவந்தது. மகள் ராதா உடன் பாடினார். அதன் விற்பனையால் கிடைத்த உரிமைத்தொகை திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு வழங்கப்பட்டது.

முதுமையிலும் மாணவி

ஈகையில் சிறந்த அவ்விணையர் 1970களில் பொருள் நெருக்கடிக்கு ஆளாயினர். சென்னையில் தாம் வாழ்ந்த பெரிய இல்லத்தையும் விற்க நேர்ந்தது. அவ்வேளையில், பி.வி.ஆர்.கே. பிரசாத் நிர்வாக அதிகாரியாக இருந்த தேவஸ்தானம், அன்னமாசாரியரின் கீர்த்தனைகளைப் பாடித் தருமாறு அவரை வேண்டியது. உழைப்பின் வழியாகவே உதவி வந்து சேர்ந்தது.

பணி எளிதன்று. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்னமாசாரியரின் தெலுங்குப் பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலில் காக்கப்பட்டு வந்தன. அவற்றில் இராகத்தின் பெயர் இருந்தது. பாடும் மெட்டோ பெரும்பாலும் மறைந்துவிட்டது. எனவே நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்ற இசையறிஞர்கள் புதிதாக மெட்டமைத்தனர்.

அப்போது சுப்புலட்சுமிக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஐக்கிய நாடுகள் அவையில் 1966இலேயே பாடிப் புகழ்பெற்றவர் அவர். முன்பே அறிந்த பாடல்களைப் பாடி முடித்திருக்கலாம். அவரோ புதிய பாடல்களைப் பொருளுணர்ந்து, தெலுங்குச் சொற்களின் ஒலிப்பைத் திருத்தித் திருத்திப் பயின்றார். மேடையில் நேரும் பிழை அன்றோடு மறையும். தட்டில் பதிந்த பிழையோ என்றும் ஒலிக்கும் அன்றோ? அவ்வுழைப்பின் பயனாக, 'பாலாஜி பஞ்சரத்னமாலா' என்னும் ஐந்து இசைத்தட்டுகளின் தொகுப்பு 1980ஆம் ஆண்டளவில் வெளியாயிற்று. செப்பேட்டில் உறங்கிய பாடல்கள் சிற்றூர்களின் வானொலிப் பெட்டிகளிலும் ஒலிக்கலாயின.

1998இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 2004 டிசம்பர் 11 அன்று மறைந்தார். திருப்பதி நகரில் 2006இல் அவருக்கு வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. தமிழகத்தில் பிறந்த பாடகியைத் தெலுங்கு மண் தன் மகளாகவே போற்றுகிறது.

அருஞ்சொற்பொருள்

ஈகை – கொடை
இணையர் – கணவன் மனைவியர்
செப்பேடு – எழுத்துப் பொறித்த செம்புத் தகடு
மெட்டு – பாடலின் இசையமைப்பு

பயிற்சி

1. கோடிட்ட இடத்தை நிரப்புக: சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு ______ஆம் ஆண்டில் பதிவாயிற்று.
2. பிரித்து எழுதுக: இசைத்தட்டு, பொருளுணர்ந்து.
3. அன்னமாசாரியர் பாடல்களுக்குப் புதிதாக மெட்டமைக்க நேர்ந்தது ஏன்?
4. 'உழைப்பின் வழியாகவே உதவி வந்து சேர்ந்தது' – இத்தொடரைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
5. உம் வீட்டுப் பெரியோர் இளமையில் எக்கருவியின் வாயிலாகப் பாடல் கேட்டனர் எனக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.