இந்தியா சேராத உடன்படிக்கையும் தருமபுரி மாங்கூழும்

இரு வேறு நாடுகளில் தொழில் நடத்துவோர் தமக்குள் சரக்கு வாங்கி விற்கும்போது எந்த நாட்டுச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தும், வழியில் சரக்கு கெட்டால் இழப்பு யாரைச் சேரும், எந்த ஆவணத்தின் பேரில் பணம் கைமாறும் என்னும் கேள்விகளை ஆராய்வது பன்னாட்டு வணிகச் சட்டம். கடலுக்கு வெகு தொலைவிலுள்ள தருமபுரி மாவட்டத்தில் இப்பாடத்துக்கு என்ன வேலை என்று கேட்கப்படுவதுண்டு. எனினும் 2017-இல் தொடங்கப்பட்ட தருமபுரி அரசு சட்டக் கல்லூரியின் மாணவருக்குத் தலைநகர மாணவருக்கு எளிதில் வாய்க்காத ஒரு வசதி இருக்கிறது; பாடம் பேசும் சரக்கு அவருடைய ஊரிலேயே விளைகிறது. காரிமங்கலம், பாலக்கோடு பகுதித் தோப்புகளில் பறிக்கப்படும் பெங்களூரா மாங்காய், 2004-இல் தனி மாவட்டமாகப் பிரிந்துபோன கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளில் மாங்கூழாகி, நுண்ணுயிர் புகாத பைகளில் அடைக்கப்பட்டு, இரும்புப் பீப்பாய்களில் சவுதி அரேபியாவுக்கும் நெதர்லாந்துக்கும் பிற நாடுகளுக்கும் கப்பலேறுகிறது. இந்த ஒரு சரக்கின் பயணத்தைத் தோப்பிலிருந்து வாங்குபவரின் கிடங்கு வரை ஆவணம் ஆவணமாகப் பின்தொடர்ந்தால், பாடத்திட்டத்தின் பெரும்பகுதி தானாகவே வந்து சேர்ந்துவிடும்.

பாடநூல்கள் பெரும்பாலும் பன்னாட்டு உடன்படிக்கைகளிலிருந்து தொடங்குகின்றன. கற்பவர் அந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. முதலில் படிக்க வேண்டியது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். 1872-இன் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஏழாம் அத்தியாயமாக இருந்த பகுதி, இங்கிலாந்தின் 1893-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவித் திருத்தப்பட்டுத் தனிச் சட்டமானது. அதன் 66 பிரிவுகளையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. விவரித்தபடி சரக்கு இருக்க வேண்டும் என்னும் பிரிவு 15, பயன்பாட்டுக்கு உகந்திருப்பது பற்றிய பிரிவு 16, மாதிரி காட்டி விற்பது பற்றிய பிரிவு 17, இழப்பிடர் எப்போது கைமாறும் என்னும் பிரிவு 26, வாங்குபவர் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் நிலையைச் சொல்லும் பிரிவு 42 ஆகியவை தெளிவானால், அயல்நாட்டு விதி எந்த இடத்தில் வேறுபடுகிறது என்பது கண்ணில் படும். இவை தெரியாதவருக்கு எல்லா விதிகளும் ஒன்றுபோலவே தோன்றும்.

அடுத்தது, 1980 ஏப்ரல் 11 அன்று வியன்னாவில் நிறைவேற்றப்பட்டு 1988 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த, பன்னாட்டுச் சரக்கு விற்பனை ஒப்பந்தங்களுக்கான ஐ.நா. உடன்படிக்கை. அமெரிக்கா, சீனா, ஜெர்மனி, நெதர்லாந்து உள்ளிட்ட 90-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்துள்ளன. இந்தியாவும் பிரிட்டனும் சேரவில்லை. ‘இந்தியா உறுப்பு நாடு அல்ல’ என்னும் வரியைப் படித்தவுடன் அத்தியாயத்தை மூடிவிடும் பழக்கம் மாணவரிடம் மட்டுமன்றி வழக்குரைஞரிடமும் காணப்படுகிறது. உடன்படிக்கையின் முதல் உறுப்பையே முழுமையாகப் படித்தால் அப்பழக்கம் நிற்காது. இரு தரப்பும் உறுப்பு நாடுகளைச் சேர்ந்திருப்பது உடன்படிக்கை நுழையும் ஒரு வாசல். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று தீர்மானிக்கும் விதிகள் ஓர் உறுப்பு நாட்டின் சட்டத்தைக் காட்டுவது இன்னொரு வாசல்.

இரண்டாவது வாசலை நெதர்லாந்துக்குச் செல்லும் மாங்கூழ் ஒப்பந்தத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒப்பந்தம் சட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாவிட்டால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு ரோம் ஒழுங்குவிதி விற்பவரின் நாட்டுச் சட்டத்தையே பொதுவாகச் சுட்டும் என்பதால், நெதர்லாந்து நீதிமன்றமும் இந்தியாவின் 1930 சட்டத்தைத்தான் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். இந்திய நீதிமன்றமோ, தேசிய அனல் மின் கழகத்துக்கும் சிங்கர் நிறுவனத்துக்கும் இடையிலான 1992 வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியபடி, ஒப்பந்தத்துக்கு மிக நெருங்கிய தொடர்புடைய சட்டம் எது என்று தேடும். ஆனால் வாங்குபவர் அனுப்பும் ஆர்டர் படிவத்தின் பின்பக்கத்தில் ‘நெதர்லாந்துச் சட்டம் பொருந்தும்’ என்று ஒரு வரி அச்சாகியிருந்து, விற்பவர் அதை ஏற்றுக் கையெழுத்திட்டிருந்தால், அந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாகிய வியன்னா உடன்படிக்கையும் உடன் வந்துவிடும். அது வேண்டாமென்றால் ஆறாம் உறுப்பின்படி விலக்கி எழுத வேண்டும்.

விலக்குவதுதான் இந்தியருக்கு நல்லது என்று பலரும் எண்ணிக்கொள்கின்றனர். மாங்கூழ் விற்பவரின் நிலையிலிருந்து பார்த்தால் அந்த எண்ணம் ஆட்டம் காண்கிறது. கூழில் கரைந்துள்ள சர்க்கரை முதலிய திடப்பொருளை அளக்கும் பிரிக்ஸ் அளவு குறைந்தது 14 இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்ல, அயல்நாட்டுக் கிடங்கில் சோதித்தபோது 13 என்று வருவதாகக் கொள்வோம். இந்தியச் சட்டத்தில், சரக்கு விவரித்தபடி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது மீறப்பட்டால் சரக்கையே மறுக்கும் உரிமையைத் தரும் உறுதிமொழி. ஆகவே ஒரு பிரிக்ஸ் குறைவுக்காக முழுக் கன்டெய்னரையும் வேண்டாம் என்று சொல்ல வாங்குபவருக்கு இடமிருக்கிறது. மாம்பழ விலை சரிந்த ஆண்டில் இந்த உரிமை எப்படிப் பயன்படுத்தப்படும் என்பதை ஊகிக்கச் சட்டப் படிப்பு தேவையில்லை. வியன்னா விதியிலோ, வாங்குபவர் எதிர்பார்த்த பயனையே பெருமளவில் பறிக்கும் அடிப்படை மீறல் இருந்தால்தான் தரக்குறைவுக்காக ஒப்பந்தத்தை முறிக்க முடியும். மற்றபடி ஐம்பதாம் உறுப்பின்படி விலையைக் குறைத்துக்கொள்ளலாம், அல்லது இழப்பீடு கேட்கலாம்.

குறையைத் தெரிவிக்கும் கடமையிலும் இதே போக்கு தென்படுகிறது. வாங்குபவர் சரக்கை விரைவில் சோதித்து, குறையைக் கண்ட அல்லது கண்டிருக்க வேண்டிய நாளிலிருந்து நியாயமான காலத்துக்குள், இன்ன குறை என்று குறிப்பிட்டு அறிவிக்காவிட்டால், அக்குறையைக் காட்டிப் பெறக்கூடிய பரிகாரங்களைப் பொதுவாக இழந்துவிடுவார் என்கிறது 39-ஆம் உறுப்பு. விற்பவர் குறையை அறிந்தே மறைத்தது போன்ற விதிவிலக்குகள் உண்டு. இந்தியச் சட்டத்தில் தாமதிப்பவர் மறுக்கும் உரிமையை இழந்தாலும் இழப்பீட்டுக் கோரிக்கை பிழைத்திருக்கும். இரண்டையும் ஒரே தாளில் இரு பத்திகளாக எழுதிப் பார்க்கும் மாணவர், இந்தியா சேராத அந்த உடன்படிக்கை தருமபுரி விற்பவருக்குச் சில இடங்களில் கூடுதல் பாதுகாப்பு தருவதைத் தாமே கண்டுகொள்வார்.

இதன் தொடர்ச்சியாகப் படிக்கத்தக்கது, ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 1995 மார்ச் 8 அன்று தீர்ப்பளித்த நியூசிலாந்துச் சிப்பி வழக்கு. சுவிட்சர்லாந்து விற்பனையாளர் அனுப்பிய சிப்பிகளில் காட்மியம் ஜெர்மனியில் பரிந்துரைக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலாக இருந்தது. ஆயினும் வாங்குபவர் நாட்டின் தர விதிகளை விற்பவர் அறிந்திருக்க வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்க்க முடியாது எனக் கூறி, நீதிமன்றம் வாங்குபவரின் வாதத்தை ஏற்கவில்லை. பூச்சிமருந்து எச்சம் பற்றிய சச்சரவு மாங்கூழில் எழும்போது விற்பவருக்கு இத்தீர்ப்பு கைகொடுக்கலாம். ஆனால் ‘ஐரோப்பிய ஒன்றிய வரம்புகளுக்கு உட்பட்டது’ என்று ஒப்பந்தத்தில் எழுதித் தந்தவர் அதைச் சொல்லித் தப்ப முடியாது.

பன்னாட்டு வணிகச் சபை 1936 முதல் வெளியிட்டுவரும் இன்கோடெர்ம்ஸ் என்னும் வணிகச் சொல்விதிகளில், 2020 பதிப்பின் பதினொன்றையும் கற்க மெனக்கெட வேண்டாம், மூன்று போதும். ஆலையிலேயே கன்டெய்னரில் ஏற்றி, முத்திரையிட்டு, வேலூர் வழியாகச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்பும் சரக்குக்கும் பழக்கத்தால் எஃப்.ஓ.பி. என்றே விலை சொல்கின்றனர். அவ்விதியின்படி சரக்கு கப்பலில் ஏறும்வரை இழப்பிடர் விற்பவருடையது; துறைமுக முற்றத்தில் கன்டெய்னர் காத்துக் கிடக்கும் நாள்களும் அவர் கணக்கில்தான். சரக்கேற்றுநரிடம் ஒப்படைத்தவுடன் இழப்பிடரைக் கைமாற்றும் எஃப்.சி.ஏ. கன்டெய்னருக்கு அதிகம் பொருந்துகிறது. காப்பீட்டையும் கப்பல் கூலியையும் விற்பவர் ஏற்கும் சி.ஐ.எஃப். மூன்றாவது.

பணம் பற்றிய பகுதியே மாணவரை அதிகம் தடுமாற வைப்பது. எல்.சி. எனப்படும் கடன் உறுதிக் கடிதத்தில், குறித்த ஆவணங்கள் குறித்தபடி வந்தால் பணம் தருவதாக வங்கி தானே பொறுப்பேற்கிறது. வங்கி பார்ப்பது ஆவணத்தை மட்டுமே, சரக்கை அன்று. இதை உணர்த்த இரு வழக்குகள் போதும். சோழமண்டலக் கடலை என்று எல்.சி. கேட்டிருக்க, சென்னையிலிருந்து டென்மார்க்குக்குச் சென்ற சரக்கின் கப்பல் சீட்டில் ‘இயந்திரத்தால் தோலுரித்த நிலக்கடலைப் பருப்பு’ என்று எழுதப்பட்டிருந்தது. வணிகர் வழக்கில் இரண்டும் ஒன்றே என்று சாட்சியம் இருந்தும், 1943-இல் தொகுக்கப்பட்ட ரெய்னர் வழக்கில் வங்கி மறுத்தது சரியே என்றது ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றம். 1981-இல் யுனைடெட் கமர்ஷியல் வங்கி வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்ததும் இத்தகையதே: கடிதத்தில் தூய கடுகெண்ணெய், ரயில்வே ரசீதில் ‘சுத்திகரிக்கப்படாத’ என்று ஒரு சொல் கூடுதல். 2007 ஜூலை 1 முதல் வழங்கும் யு.சி.பி. 600 விதிகள், இன்வாய்ஸில் உள்ள விவரம் மட்டுமே கடிதத்தோடு இசைய வேண்டும், பிற ஆவணங்களில் முரணற்ற பொதுச்சொல் போதும் என்று சற்றே தளர்த்தியிருக்கின்றன. தீர்ப்பையும் விதியையும் சேர்த்துப் படிக்காமல் பழைய தீர்ப்பை மட்டும் ஒப்பிக்கும் விடைத்தாள் பாதி விடைதான். கப்பல் சீட்டுக்கு 1856-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், கடல்வழிச் சரக்கேற்றத்துக்கு 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் மேற்கோள் காட்டும் நூல்களையும் இப்படியே கவனித்துப் படிக்க வேண்டும். 2025-இல் இரண்டின் இடத்திலும் புதிய சட்டங்கள் வந்துவிட்டன.

சச்சரவு எங்கே தீரும் என்பதைக் கடைசிப் பாடமாக ஒதுக்குவது வழக்கம். ஒப்பந்தம் எழுதும்போதோ அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து கொச்சிக்கு வந்த முந்திரிக்கொட்டை குறைவாக இறங்கியது பற்றிய ஷண்முகவிலாஸ் வழக்கில், கப்பல் சீட்டில் இங்கிலாந்து நீதிமன்றம் என்று அச்சாகியிருந்ததால் கொச்சி நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நடுவர் தீர்ப்பாயத்தைத் தேர்ந்தால், 1958 நியூயார்க் உடன்படிக்கை வழியாக அயல்நாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லுபடியாகும். ஆயினும் 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி அந்த நாடு இந்திய அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதால், இடத்தை எழுதுமுன் அந்தப் பட்டியலைப் பார்ப்பது அவசியம். அயல்நாட்டுத் தீர்ப்பை நிறைவேற்றும் மனு உயர் நீதிமன்றத்துக்கே செல்லும் என்று 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்துவிட்டது. ஆகவே தருமபுரியில் தொழில் நடத்த எண்ணும் வழக்குரைஞருக்கு இத்துறையில் உள்ள வேலை, ஆலை முதலாளி ஆர்டர் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே இருக்கிறது. அதற்குப் பின் கோப்பு சென்னைக்குப் போய்விடும்.