எஞ்சினுக்கு ஏற்ற எரிபொருளும் அதை ஊற்றும் முறையும்



குமரி மாவட்டத்தில் ஓர் ஏக்கர் நன்செயும் சிறு தென்னந்தோப்பும் உள்ள வீட்டில்கூட இன்று இரண்டு மூன்று எஞ்சின்கள் இருக்கின்றன. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் வயல் உழப் பவர் டில்லர். கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் ரப்பர் தோட்டத்துக்குப் புல் வெட்டும் மெஷினும் விசைத் தூவியும். முற்றத்தில் ஒரு ஸ்கூட்டரோ காரோ. இவை எல்லாவற்றுக்கும் எரிபொருள் ஒரே பங்கிலிருந்துதான் வருகிறது. எனினும் ஒன்றுக்கு உகந்தது மற்றொன்றுக்கு ஆகாது. தவறான எரிபொருளால் எஞ்சின் கெட்டால் ஒரு பூவின் வருமானம் பட்டறைக்குப் போய்விடும். ஊற்றும்போது நேரும் தவறோ உயிருக்கே உலை வைத்துவிடும். ஆகவே இவ்விரண்டையும் பற்றிச் சில விவரங்களைத் தெரிந்து கொள்வோம்.

பெட்ரோலா, டீசலா?

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கின் பொறியால் எரிபொருள் பற்றுகிறது. டீசல் எஞ்சினில் பிளக் இல்லை. காற்றை மிகவும் அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. அத்துடன், டீசலில் உள்ள எண்ணெய்ப் பசைதான் பம்பையும் இன்ஜெக்டரையும் தேயாமல் காக்கிறது. டீசல் வண்டியில் பெட்ரோலை ஊற்றிவிட்டால் அந்தப் பசை கழுவப்பட்டு, உலோகத்தோடு உலோகம் உரசும். பழுதுபார்க்கும் செலவு மிகுதி.

தவறிப்போய் மாற்றி ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தி, மெக்கானிக்கை வரவழைத்து டேங்கைக் காலி செய்ய வேண்டும். 'கொஞ்சந்தானே, மேலே சரியானதை நிரப்பி ஓட்டிவிடலாம்' என்பது பெரும் நட்டத்தில் முடியும். பங்கில் நுழைந்ததும் எது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டேங்க் மூடியின் உட்புறம் எரிபொருளின் பெயரை எழுதி ஒட்டி வையுங்கள்.

மண்ணெண்ணெய் கலப்பதையும் கைவிட வேண்டும். பெட்ரோலில் கலந்தால் எஞ்சின் தட்டும். டீசலில் கலந்தால் பசை குறையும்.

இன்னொரு எச்சரிக்கை. பல புதிய டீசல் கார்களில் புகையைச் சுத்திகரிக்க, 32.5 சதவிகித யூரியாக் கரைசல் தனி டேங்கில் ஊற்றப்படுகிறது. வயலுக்கு வாங்கிய யூரியாவைக் கரைத்து அதில் ஊற்றக் கூடாது. 2015 முதல் வயல் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டே வருகிறது. அந்த எண்ணெயும், யூரியாவிலுள்ள மற்ற கலப்புகளும் சுத்திகரிப்புக் கருவியைப் பாழாக்கும். இந்தக் கரைசலை டீசல் டேங்கில் ஊற்றுவதும் அதே அளவு கேடு.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இந்தியாவில் 2003ஆம் ஆண்டு சில மாநிலங்களில் 5 சதவிகித எத்தனால் கலப்புத் தொடங்கியது. 2022இல் 10 சதவிகிதமும், 2025இல் 20 சதவிகிதமும் எட்டப்பட்டன. கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்து இந்த எத்தனால் கிடைக்கிறது. உழவனின் விளைபொருளே டேங்கில் வந்து சேருகிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அதன் குணங்களை அறிந்து பயன்படுத்த வேண்டும்.

முதலாவதாக, ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்பச் சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே மைலேஜ் சற்றுக் குறைவது இயல்பு.

இரண்டாவதாக, 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டிகளின் ரப்பர்க் குழாய், வாஷர் முதலியன 20 சதவிகிதக் கலவைக்கென அமைந்தவையாக இல்லாமலிருக்கலாம். பழைய வண்டியும் மெஷினும் வைத்திருப்போர் இக்குழாய்கள் உப்பியோ வெடித்தோ உள்ளனவா என்று அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும். கசியும் குழாய் தீ விபத்துக்கு முதல் படி.

மூன்றாவது குணமே நம் மாவட்டத்துக்கு மிக முக்கியமானது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையும் பெறும் நம் பகுதியில் காற்றின் ஈரமும் மழைத் துளியும் டேங்கில் சேர வாய்ப்பு அதிகம். தண்ணீர் ஓர் அளவை மீறினால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். எஞ்சின் எடுப்பதோ அடியில் இருப்பதைத்தான். இரண்டு ஸ்ட்ரோக் மெஷினில் கேடு இன்னும் பெரிது. கலந்து ஊற்றிய ஆயில் மேலே உள்ள பெட்ரோலிலேயே நின்றுவிட, ஆயில் இல்லாத நீர்க்கலவை எஞ்சினுக்குள் போய் பிஸ்டன் இறுகிவிடும்.

ஆகவே கும்பப்பூ அறுவடைக்குப் பின்னும் கன்னிப்பூ அறுவடைக்குப் பின்னும் ஓட்டாமல் வைக்கும் பெட்ரோல் மெஷினை எரிபொருளோடு மூலையில் சாத்தி வைக்காதீர்கள். டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். வடித்த பெட்ரோலை உடனே பயன்படுத்திவிடுங்கள். ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்கிச் சேமிக்க வேண்டாம். டீசல் எஞ்சினுக்கு முறை வேறு. மழைக்காலத்தில் அன்றன்றைய வேலை முடிந்து எஞ்சின் ஆறிய பின் டேங்கை நிரப்பி வைத்தால், காலி இடத்தில் ஈரம் படிவது குறையும். வடிகட்டியில் தேங்கும் தண்ணீரையும் அவ்வப்போது வடித்துவிட வேண்டும்.

ஆயில் கலக்கும் அளவு

இரண்டு ஸ்ட்ரோக் மெஷினுக்கு 50க்கு 1 என்று குறித்திருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். 25க்கு 1 என்றால் 40 மில்லி. கண் மதிப்பில் ஊற்றாமல், பூச்சிமருந்தை அளப்பதுபோல் அளந்து, தனிக் கேனில் கலந்து குலுக்கிய பிறகே டேங்கில் ஊற்ற வேண்டும். மருந்து அளக்கும் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. நான்கு ஸ்ட்ரோக் மெஷினுக்குப் பெட்ரோலில் ஆயில் கலக்கத் தேவையில்லை. அதற்கு ஆயில் ஊற்றத் தனி இடம் உண்டு.

தோட்டத்தில் ஊற்றும்போது

பற்றுவது பெட்ரோலின் ஆவி. பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் அது பற்றும் அளவுக்கு ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, தூரத்தில் உள்ள அடுப்பையோ விளக்கையோ தொட்டு, அங்கிருந்து திரும்பப் பற்றிக்கொண்டு வரும். எனவே,

1. எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடமாவது ஆறவிட்ட பின் மூடியைத் திறக்க வேண்டும். வேலை அவசரத்தில் சூடான சைலன்சர் மேல் சிந்தும் பெட்ரோல் நொடியில் பற்றும்.

2. முதுகில் மாட்டும் மெஷினைக் கழற்றித் தரையில் வைத்தே ஊற்ற வேண்டும். முதுகில் இருக்கும்போது இன்னொருவரை ஊற்றச் சொல்வது கூடவே கூடாது.

3. பீடி, தீக்குச்சி அருகில் இருக்கக் கூடாது. விளக்கு வேண்டுமானால் டார்ச் விளக்கே ஏற்றது.

4. புனலும் வலை வடிகட்டியும் கொண்டு ஊற்ற வேண்டும். விளிம்புவரை நிரப்பாமல் சற்று இடம் விட வேண்டும்.

5. சிந்தியதைத் துடைத்து, மூடியை இறுக்கி, ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இலை உதிர்ந்து தளிர்க்கும் ரப்பரில் சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் தூவுவோர் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கந்தகத் தூளும் தீப்பற்றக் கூடியது. தூளை நிரப்பும் இடமும் பெட்ரோல் ஊற்றும் இடமும் வேறு வேறாக இருக்கட்டும்.

கேனும் சேமிப்பும்

விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமம் இன்றி வைத்திருக்க 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் இடமளிக்கிறது. உலோகப் பாத்திரமானால் ஒன்று 25 லிட்டருக்கு மேற்படக் கூடாது. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ வைப்பதை அறவே விட்டுவிடுங்கள். தாகத்தில் குழந்தை எடுத்துக் குடித்துவிடும் அபாயம் உண்டு. சமையலறையிலும் படுக்கும் அறையிலும் வைக்க வேண்டாம். உலோகக் கேனில் பிடிக்கும்போது வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, பங்கின் குழாய் நுனி கேனைத் தொடும்படி பிடிக்க வேண்டும். நிலைமின்சாரப் பொறி உண்டாகாமலிருக்க இதுவே வழி.

டியூபை வாயால் உறிஞ்சி டீசலோ பெட்ரோலோ எடுக்கும் வழக்கம் இன்னும் பலரிடம் உள்ளது. சில துளி நுரையீரலுக்குள் போனாலும் ஆபத்து. கைப் பம்பைப் பயன்படுத்துங்கள். எவரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பங்கில் கவனிக்க வேண்டியவை

எஞ்சினை நிறுத்தி, ஸ்கூட்டரிலிருந்து இறங்கி நிற்க வேண்டும். மீட்டர் பூஜ்ஜியத்தில் தொடங்குவதைப் பார்க்க வேண்டும். குழாய் தானே நின்ற பிறகு மேலும் அமுக்கி நிரப்பச் சொல்லக் கூடாது. பில் கேட்டு வாங்குங்கள். அளவில் ஐயமிருந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் அளந்து காட்டக் கேட்கலாம். தரத்தில் ஐயமிருந்தால் வடிதாள் சோதனை கேட்கலாம். தாளில் விட்ட ஒரு சொட்டுப் பெட்ரோல் சுமார் இரண்டு நிமிடத்தில் கறையின்றி ஆவியாக வேண்டும். எண்ணெய்க் கறை தங்கினால் கலப்படம் என்று ஐயுறலாம். இவை வாடிக்கையாளரின் உரிமைகள்.

தீப்பட்டால்

எரியும் பெட்ரோல் மேல் தண்ணீரை ஊற்றினால் தீ பரவும். மணலை வாரிப் போடுங்கள்; சிறு தீயானால் நனைத்த சாக்கால் மூடுங்கள். உடையில் பற்றினால் ஓடாமல் தரையில் புரள வேண்டும். தீப்புண் மேல் இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரை விட வேண்டும். பற்பசை, மை, எண்ணெய் எதையும் தடவாமல் 108க்குத் தகவல் கொடுங்கள்.

மெஷின் வாங்கும்போது வரும் கையேட்டில் எரிபொருளின் பெயரும் ஆயில் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தை எடுத்து மெஷின் வைக்கும் இடத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கூலிக்கு ஓட்ட வருபவருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதைக் காட்டி, ஆறவிட்டு ஊற்றும் முறையை ஒருமுறை செய்து காண்பித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.