ஒரு கணு, இரு கிளை: லியோவில் நாவுலக் குறிப்பேடு

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே இருக்கிறது நாவுல. அருகிலுள்ள நாலந்தா கெடிகே பல்லவக் கோயில்களை நினைவூட்டும் கற்கட்டடம். மகாவலித் திட்டத்தில் போவத்தன்ன நீர்த்தேக்கம் வந்தபோது, நீரில் மூழ்காதிருக்க அதைக் கல் கல்லாகப் பிரித்து உயரமான இடத்தில் மீண்டும் கட்டினார்கள். பிரதேசக் குறிப்பேடு தொகுக்கும் ஆசிரியர் இதைத் தொல்லியல் கிளையில் எழுதுவதா, மகாவலிக் கிளையில் எழுதுவதா? இரண்டிலும் தனித்தனியே எழுதினால், ஒன்று திருந்தும்; மற்றது பழையபடி கிடக்கும்.

இந்தச் சிக்கலுக்கு அருமையான தீர்வு வைத்திருக்கிறது லியோ. எட்வர்ட் கே. ரீம் பைத்தன் நிரல்மொழியில் உருவாக்கிய இலவச மென்பொருள் அது; குறிப்புகளைக் கிளைவிடும் மரமாக அடுக்கும். மரத்தின் ஒவ்வொரு குறிப்பும் ஒரு கணு.

முதலில் கெடிகே பற்றிய கணுவைத் தொல்லியலின் கீழ் ஒரே தடவை எழுத வேண்டும். பிறகு 'குளோன்' கட்டளை கொடுத்து, வரும் கணுவை மகாவலியின் கீழ் நகர்த்த வேண்டும். இது நகல் அல்ல. ஒரே கணுதான் இரண்டு இடங்களில் தெரிகிறது. எங்கே திருத்தினாலும் இரண்டிலும் மாறும்.

அடுத்தது தரவு: கணுவைச் சரிபார்த்தாயிற்றா என்பது போன்ற தகவலை எங்கே வைப்பது? இங்கேதான் யோசித்து முடிவெடுக்க வேண்டும். லியோவுக்குள் ஓடும் சிறு நிரலான ஸ்கிரிப்டின் மாறியில் வைத்த தகவல் ஓட்டம் முடிந்ததும் போய்விடும். லியோவின் கேஷ் சேமிப்பில் வைத்தால் அந்தக் கணினியிலேயே தங்கிவிடும். கோப்பை வாங்கும் நண்பருக்குக் கிடைக்காது. கணுவோடு ஒட்டிய பண்புப் பட்டியலில் வைத்தால் கோப்போடு பயணிக்கும், குளோன்களுக்கும் பொதுவாகும். ஆனால் அது திரையில் தெரியாது. ஆகவே மனிதர் படிக்க வேண்டியதை, 'நிலை: சரிபார்த்தது' என்பதுபோல, கணுவின் உடற்பகுதியில் வெளிப்படையான வரியாக எழுதுவதே நல்லது. ஸ்கிரிப்டுக்கு மட்டும் வேண்டியது பண்புப் பட்டியலுக்குப் போகட்டும்.

இனி ஸ்கிரிப்ட். சரிபார்க்காத கணுக்களை எண்ணும் சில வரிப் பைத்தனை ஒரு கணுவில் எழுதி, கன்ட்ரோலையும் பி விசையையும் அழுத்தினால் ஓடும். மரத்தின் எல்லா இடங்களையும் சுற்றச் சொன்னால் கெடிகே இரண்டு தடவை எண்ணப்படும். கணுவுக்கு ஒரு தடவை மட்டும் சுற்றும் கட்டளையும் உண்டு. எண்ணிக்கைக்கு அதையே எடுக்க வேண்டும். அடிக்கடி தேவைப்படும் ஸ்கிரிப்டைப் பொத்தானாக்கிக்கொள்ளலாம்.

கோப்பைத் திறந்ததும் தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளைப் பாதுகாப்புக் கருதி லியோ இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறது. அந்தத் தடையை நீக்க வேண்டாம். பிறர் அனுப்பிய கோப்பில் பொத்தானை அழுத்துமுன் அதன் பின்னாலுள்ள வரிகளை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.