கம்பெனிச் சாமான்களுக்கு எண் போடுவது எப்படி? பட்டாசு வட்டாரச் சிறு நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பல பட்டாசுக் கம்பெனிகள் மூன்று இடங்களில் பரந்து கிடக்கின்றன. ஆபீஸ் சிவகாசியில், ஆலை தாயில்பட்டி அல்லது ஏழாயிரம்பண்ணைப் பக்கம், கிட்டங்கி இன்னொரு ஊரில். இந்த மூன்றுக்கும் நடுவே கம்ப்யூட்டர், பிரின்டர், எலெக்ட்ரானிக் தராசு, இன்வெர்ட்டர் பேட்டரி, நாற்காலி என்று எல்லாம் வேனில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சீசனில் ஆலைக்குப் போன தராசு தீபாவளி முடிந்த பிறகும் அங்கேயே கிடக்கும். “பழைய பிரின்டர் எங்க இருக்கு அண்ணாச்சி?” என்று கணக்குப்பிள்ளை கேட்பார். “போர்மேன் கொண்டுபோனாருன்னு நினைக்கேன்” என்பார் முதலாளி. போர்மேனைக் கேட்டால் அது ரிப்பேருக்குப் போய்விட்டதே என்பார். எந்தக் கடைக்கு, எப்போது என்பது யாருக்கும் தெரியாது.

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. எண் போட்ட ஸ்டிக்கரும் ஒரு பதிவேடும் போதும். அதற்குப் பொறுப்பாக ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். இருபது பேர் வேலை பார்க்கும் இடத்துக்கும் இது பொருந்தும், இருநூறு பேர் வேலை பார்க்கும் இடத்துக்கும் பொருந்தும்.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்வதற்கு உதாரணம் உள்ளூரிலேயே இருக்கிறது. விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில், வைப்பாற்றங்கரையில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. முதல் இரண்டு கட்டங்களில் மட்டும் 7,900க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. சங்கு வளையல், மணி, சுடுமண் பொம்மை, காசு என்று பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பொருள்கள். அகழாய்வில் ஒரு மணி கிடைத்தால்கூட எந்தக் குழி, எவ்வளவு ஆழம், என்ன தேதி என்று எழுதிய சீட்டு அதனுடனே போகும். தொல்பொருள் பதிவேட்டில் அதற்கென்று ஓர் எண் விழும். சீட்டு தொலைந்தால் மணி கையில் இருந்தும் பாதிப் பயன் போய்விடும். ஆயிரக்கணக்கான சின்னப் பொருள்களுக்கு இதைச் செய்ய முடிகிறது என்றால், நூற்றைம்பது சாமான் உள்ள ஒரு கம்பெனியால் முடியாது என்று சொல்ல இடமில்லை.

முதலில், எதற்கு எண் போடுவது?

விலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். “இது காணோம் என்றால் தேடுவோமா?” என்று கேட்டுப் பாருங்கள். தேடுவோம் என்றால் எண் போடுங்கள். இப்படிப் பார்த்தால் ஸ்டேப்ளர் தானாக விலகிவிடும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் உள்ளே வந்துவிடும். அந்த டோக்கன் பார்க்கச் சின்னப் பென்டிரைவ் போலத்தான் இருக்கும். ஆனால் வரிக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாளில் அது கிடைக்காவிட்டால் படும் பாடு, பட்டவர்களுக்குத்தான் தெரியும். பாஸ்புக், சாவிக்கொத்து, கம்பெனி சிம் போட்ட போன் ஆகியவையும் இதே வகை.

நம்முடையது அல்லாத பொருள்களும் ஆபீஸில் இருக்கும். வாடகைக்கு எடுத்த ஜெராக்ஸ் மிஷின், இணையக் கம்பெனி கொடுத்த ரவுட்டர், ஏஜென்ட் விட்டுச்சென்ற டிஸ்ப்ளே ஸ்டாண்ட் போன்றவை. இவற்றுக்கு வேறு நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, உரிமையாளர் பெயரை எழுதிவிடுங்கள். இல்லையென்றால் இடம் மாற்றும் நாளில் அவையும் நம் லாரியில் ஏறிவிடும்.

வெடிமருந்துச் சரக்கு இந்தக் கணக்கில் வரவே கூடாது. உரிமத்தின்படி வைக்கும் இருப்புப் பதிவேடு வேறு, சாமான் பதிவேடு வேறு. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால் ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கும் குழப்பம், உங்களுக்கும் குழப்பம்.

எண் எப்படி இருக்க வேண்டும்?

0001 என்று தொடங்கி வரிசையாகப் போங்கள். கம்பெனிப் பெயரின் இரண்டு எழுத்தை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம். பலர் ஆர்வத்தில் எண்ணுக்குள்ளேயே ஊர், அறை, பிரிவு, வருடம் எல்லாவற்றையும் அடுக்கிவிடுகிறார்கள். அகழாய்வில் இது சரி. பொருள் கிடைத்த குழி என்றைக்கும் மாறப்போவதில்லை. நம் சாமான் அப்படியா? ஆபீஸ் என்று எண்ணில் எழுதிய தராசு அடுத்த மாதமே ஆலையில் இருக்கும், அன்றிலிருந்து அந்த ஸ்டிக்கர் பொய் சொல்லும். எனவே எண் பொருளோடு கடைசி வரை இருக்கட்டும். இடம் பதிவேட்டில் மாறிக்கொண்டே இருக்கட்டும். ஒரு பொருள் கழிந்துபோனாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

இடத்துக்குப் பெயர் வைக்க ஆலையில் தனியாக யோசிக்கத் தேவையில்லை. உரிம வரைபடத்தில் ஒவ்வொரு அறைக்கும் எண் இருக்கிறது. எத்தனை ஆள், எவ்வளவு மருந்து என்று அறை வாசலில் பலகையும் இருக்கிறது. அந்த எண்ணையே பதிவேட்டிலும் எழுதுங்கள். ஆபீஸிலும் கிட்டங்கியிலும் மட்டும் கதவுக்குக் கதவு ஒரு எண் போட்டால் போதும்.

ஸ்டிக்கர்

இந்த விஷயத்தில் சிவகாசிக்காரர்களுக்குக் கிடைக்கும் வசதி வேறு யாருக்கும் கிடைக்காது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சடித்தே வளர்ந்த ஊர் இது. பில்புக்கில் வரிசை எண் விழ வைக்கும் நம்பரிங் மிஷின் இல்லாத அச்சகத்தை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். 0001 முதல் 0500 வரை ஓடும் ஸ்டிக்கர் ஒரு ரோல் வேண்டும் என்று சொன்னால் வேலை முடிந்தது. காலண்டர், டைரி வேலை குவியும் மாதங்களில் போகாமல் அச்சகம் ஓய்வாக இருக்கும் சமயம் பார்த்துக் கொடுங்கள்.

காகித ஸ்டிக்கர் வேண்டாம். பாலியஸ்டர் கேளுங்கள். சூப்பர்மார்க்கெட் பில் போல வெப்பத்தில் எழுத்து விழும் தெர்மல் லேபிளும் வேண்டாம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அது சில மாதத்திலேயே வெளுத்துவிடும் அல்லது கறுத்துவிடும். லேப்டாப், போன் போன்றவற்றுக்கு மட்டும், உரித்தால் துண்டு துண்டாகக் கிழியும் வகை ஸ்டிக்கர் போடலாம்.

ஸ்டிக்கரில் மூன்றே விஷயம்: கம்பெனிப் பெயர், எண், ஒரு போன் நம்பர். க்யூஆர் குறியீடு வேண்டும் என்று தோன்றினால் போடுங்கள். அதற்குள்ளும் அந்த எண் மட்டுமே இருக்கட்டும். ஏதாவது செயலியின் முகவரியை அதில் வைத்தால், அந்தச் செயலி நின்றுபோகும் நாளில் எல்லா ஸ்டிக்கரும் வீண்.

ஒட்டும் முறையில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். மேல்பக்கம் தண்ணீர் ஊற்றும் இடம், அங்கே ஆசிட் கசியும், அதனால் அங்கே ஒட்டக்கூடாது. பக்கவாட்டில், தயாரிப்பாளரின் சீரியல் எண்ணை மறைக்காத இடமாகப் பாருங்கள். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் இன்னொரு முறை துடையுங்கள். ஸ்பிரிட் ஆறும்வரை பொறுங்கள். ஸ்டிக்கரின் ஒரு ஓரத்தை வைத்து, கட்டைவிரலால் மறு ஓரம் வரை அழுத்திக்கொண்டே போங்கள். உள்ளே காற்றுக் குமிழி நின்றால் அங்கிருந்துதான் பிய்யத் தொடங்கும். முடிந்தவுடன், ஸ்டிக்கரும் சீரியல் எண்ணும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். தராசில் எடையளவுத் துறையின் முத்திரை உள்ள இடத்தைத் தொடவே கூடாது.

ஆலைக்குள் சில கட்டுப்பாடுகள் உண்டு, இதில் சலுகையே கிடையாது. மருந்து புழங்கும் அறைகளுக்குள் மொபைல் போன், ஸ்கேனர் எதுவும் போகக்கூடாது. அங்கே உள்ள சாமான்களின் எண்ணைக் காகிதத்தில் குறித்து வந்து ஆபீஸில் ஏற்றுங்கள். ஸ்பிரிட் பாட்டிலையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். எண்ணைப் பொறிப்பது, துளை போடுவது, ஆணி அடிப்பது எல்லாம் அறைக்கு வெளியே, பாதுகாப்பான தூரத்தில்தான். இரும்புத் தகட்டில் எண் அடித்துக் கம்பியால் கட்டிவிடும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். மருந்து அறையில் மரம், செம்பு, பித்தளைக் கருவிகளைத்தானே புழங்குகிறோம், அடையாளத் தகட்டுக்கும் அதே விதிதான். பொறியெழுப்பக்கூடியது எதுவும் வேண்டாம்.

பதிவேடு

எக்செல் போதும். கணினி பழக்கமில்லை என்றால் நீளமான லெட்ஜர் நோட்டும் போதும். ஒரு வரி இப்படி இருக்கலாம்:

0047. லேசர் பிரின்டர். சீரியல் எண். வாங்கிய தேதி, கடை, பில் எண், விலை, ஜிஎஸ்டி தனியாக. வாரண்டி முடியும் நாள். இருக்கும் இடம்: ஆலை ஆபீஸ். பொறுப்பு: போர்மேன்.

“பொறுப்பு” என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் பதிவேடு இருந்தும் பயனில்லை. “எல்லோரும்” என்று எழுதுவதும் வெறுமையாக விடுவதும் ஒன்றுதான். ஒரு பொருளுக்கு ஒரு பெயர்.

வகையையும் குறியுங்கள். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம், இயந்திரங்களுக்குப் பொதுவாக 15, மேஜை நாற்காலிக்கு 10. ஆடிட்டர் ஆண்டு முடிவில் கேட்பது இந்தப் பிரிப்பைத்தான். பில்லைப் போட்டோ எடுத்து, கோப்புப் பெயராக அதே 0047ஐ வையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். கடைக்காரர் தரும் மை மங்கும் பில் அத்தனை காலம் தாங்காது.

போனுக்கு ஐஎம்இஐ எண்ணும் வேண்டும். *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். தொலைந்தால், போலீஸ் புகாரோடு சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து போனை முடக்கலாம்.

சாமான் நகரும்போது

ஒரு கார்பன் நோட்டு வாங்கி கேட்டில் வையுங்கள். எந்தச் சாமான் வாசலைத் தாண்டினாலும் எண், எங்கே போகிறது, யார் கொண்டுபோகிறார், எப்போது திரும்பும் என நான்கு விவரம், ஒரு கையெழுத்து. ரிப்பேருக்குப் போகும் பொருளுக்குக் கடைக்காரரிடமும் சீட்டு வாங்குங்கள். வாரக் கடைசியில் கணக்குப்பிள்ளை அந்த நோட்டைப் பார்த்துப் பதிவேட்டில் இடத்தை மாற்றட்டும். முதலாளியே எடுத்துப்போனாலும் சீட்டு எழுத வேண்டும். அவர் எழுதாவிட்டால் மற்றவர்கள் ஒரு மாதம்கூட எழுத மாட்டார்கள்.

எண்ணிப் பார்ப்பது

வருடத்துக்கு இரண்டு முறை போதும். ஒன்று மார்ச் கடைசி வாரம், கணக்கு முடிக்கும் நேரம். இன்னொன்று ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். அன்றைக்கு எப்படியும் எல்லாச் சாமானையும் வெளியே எடுத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைக்கப் போகிறோம். துடைக்கும் கையிலேயே பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். பட்டியலை வைத்துக்கொண்டு பொருளைத் தேடுவதோடு நிறுத்தாமல், எதிரே தெரியும் பொருளின் எண்ணைப் பட்டியலிலும் தேடுங்கள். எண்ணே போடாமல் உள்ளே வந்த சாமான்கள் இப்படித்தான் அகப்படும்.

பழைய இரும்புக் கடைக்கு ஒரு பொருளைப் போடும்போது பதிவேட்டின் வரியை அழிக்காதீர்கள். விற்ற தேதி, தொகை, யாருக்கு என்று எழுதி மூடுங்கள். உள்ளீட்டு வரி வரவு எடுத்த பொருள் என்றால் விற்கும்போது வரிக் கணக்கு உண்டு. தொலைந்துபோனது, அழிந்துபோனது என்று கணக்கிலிருந்து தள்ளினால், எடுத்த வரவைத் திருப்ப வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு. ஆடிட்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கம்ப்யூட்டரானால் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிய பிறகுதான் கொடுக்க வேண்டும்.

தேதி உள்ள சாமான்கள்

பதிவேட்டில் கடைசியாக ஒரு கட்டம் சேருங்கள்: “அடுத்த தேதி”. எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை இட வேண்டும், அந்தத் தேதி. ஏசி சர்வீஸ், பேட்டரிக்கு வடிநீர் ஊற்றும் தேதி. எல்லாவற்றுக்கும் மேலாகத் தீயணைப்பான்களின் நிரப்பும் தேதியும் அழுத்தச் சோதனைத் தேதியும். மாதம் பிறந்தவுடன் அந்தக் கட்டத்தை வரிசைப்படுத்திப் பார்த்தால், அந்த மாத வேலை தெரிந்துவிடும்.

முழுப் பட்டியலும் ஒரே வாரத்தில் முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. ஆனால் தீயணைப்பானில் தொடங்குங்கள். வெம்பக்கோட்டைப் பகுதியில் ஆலை நடத்துகிறவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எத்தனை இருக்கிறது, எந்தெந்த அறை வாசலில் இருக்கிறது, எது காலாவதியாகிவிட்டது என்ற மூன்றையும் இந்த வாரமே எழுதி முடித்துவிடுங்கள். பிரின்டரும் நாற்காலியும் அடுத்த வாரம் வரை காத்திருக்கும்.