பிரேக் லைன் மாற்றத் தெரிந்த மெக்கானிக்

இரு சக்கர வாகனப் பட்டறையில் ஆயில் மாற்றவும் செயின் இறுக்கவும் ஆள் நிறையக் கிடைக்கும். பிரேக் வேலையை நம்பி ஒப்படைக்கத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று வருடம் ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் அடுத்த படி ஏற நினைத்தால், ரப்பர் பிரேக் ஹோஸைக் கழற்றிவிட்டு ஸ்டீல் பிரெய்டட் லைன் போடும் வேலையை முழுதாகக் கற்றுக்கொள்ளலாம். கேடிஎம் 390 டியூக், ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 போன்ற வண்டிகள் கம்பெனியிலிருந்தே இந்த லைனோடு வருகின்றன. அதைப் பார்த்து மற்ற வண்டிக்காரர்களும் கேட்கிறார்கள். கேட்டு வருபவருக்கு ஹோஸை மாட்டிக் கொடுப்பது பாதி வேலைதான். எந்த லைன், எந்த போல்ட், எப்படி ஏர் எடுப்பது, எதையெல்லாம் சோதித்த பிறகு சாவியைக் கொடுப்பது என்று முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஆள் பொறுப்பேற்றுச் செய்தால், முதலாளியும் வண்டிக்காரரும் அந்த ஆளைத் தேடி வருவார்கள்.

முதலில் விஷயம் புரிய வேண்டும். லிவரைப் பிடிக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் ஹோஸ் வழியாகக் காலிபருக்குப் போய், பேடை டிஸ்க்கோடு சேர்த்து அழுத்துகிறது. அழுத்தம் ஏறும்போது ரப்பர் ஹோஸ் சைக்கிள் டியூப் போலக் கொஞ்சம் உப்பும். கண்ணுக்குத் தெரியாத உப்பல்தான், ஆனால் அந்த அளவுக்கு லிவர் வீணாக உள்ளே போகும். ஹோஸ் பழசாக ஆக இது கூடும். பிரெய்டட் லைனில் உள்ளே டெஃப்லான் குழாய், அதன்மேல் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிப் பின்னல், அதற்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. பின்னல் குழாயை உப்ப விடாது. லிவர் கெட்டியாக நிற்கும். விரல் அழுத்துவதற்கு ஏற்றபடி பிரேக் பிடிப்பது கையிலேயே தெரியும்.

இவ்வளவுதான் பலன். இதை வண்டிக்காரரிடம் இப்படியே சொல்லுங்கள். “பிரேக் பிடித்தால் பாதித் தூரத்தில் நிற்கும்” என்று சொல்லி விற்கும் கடைகள் உண்டு. வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது டயரும் ரோடும்தான். தேய்ந்த டயரோடு வருகிறவரிடம் முதலில் டயரை மாற்றச் சொல்வது உங்கள் கடமை. இன்னொன்று: லைன் மாற்றும்போது ஆயிலும் புதிதாகிறது. அந்தப் புது ஆயிலால் கிடைக்கும் சுகத்தையும் சேர்த்துத்தான் பலர் லைனின் கணக்கில் எழுதுகிறார்கள். பல வருடம் ஆயிலே மாற்றாத வண்டிக்குப் புது ரப்பர் ஹோஸும் புது ஆயிலும் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். குறைந்த செலவில் முடிகிற வழியையும் சொல்லிவிட்டு, தேர்வை அவரிடம் விடுங்கள். யமஹா கையேடுகள் பிரேக் ஆயிலை 2 ஆண்டுக்கு ஒருமுறையும் ஹோஸை 4 ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கின்றன. நம் ஊரில் ஹோஸ் வெடிப்பு விடும்வரை யாரும் அதைத் தொடுவதில்லை. ஒவ்வொரு சர்வீஸிலும் ஹோஸை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இருந்தால், இந்த வேலை உங்களைத் தேடி வரும்.

வாங்கும்போது

பழைய ஹோஸின் இரண்டு முனைக் கண்களுக்கும் இடையே, நடுவிலிருந்து நடுவரை அளந்துகொள்ளுங்கள். ஹேண்டில்பாரை உயர்த்தியிருந்தால் பழைய அளவு போதாது. கயிற்றை வைத்து, ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி அளக்க வேண்டும். முனைகள் நேராகவும் பல கோணங்களில் வளைந்தும் வரும். எது வேண்டும் என்று வண்டியைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

லைனின் முனைக் கண்ணைக் காலிபரோடு சேர்க்கும் பேன்ஜோ போல்ட்டில்தான் அதிகம் ஏமாறுவார்கள். 10 மில்லிமீட்டர் போல்ட்டிலேயே மரை இடைவெளி 1.0, 1.25 என்று இரண்டு வகை உண்டு. பிரெம்போ வகைக் காலிபர்களில் பெரும்பாலும் 1.0, நிசின் போன்ற ஜப்பானியக் காலிபர்களில் பெரும்பாலும் 1.25. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். தப்பானது முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு அலுமினியக் காலிபரின் மரையைத் தின்றுவிடும். மரை அளக்கும் கேஜ் ஒன்று உங்கள் டூல் பாக்ஸில் கட்டாயம் இருக்கட்டும். கையால் சுற்றும்போதே தடுக்கிறதென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

முனையைக் கம்பெனியிலேயே இயந்திரத்தால் அழுத்தி, அழுத்தச் சோதனை செய்து விற்கும் லைனை மட்டும் வாங்குங்கள். ஹோஸைத் தனியாக, முனையைத் தனியாக வாங்கி பட்டறையிலேயே சேர்க்கும் செட்டும் கிடைக்கிறது. அனுபவம் வரும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். பெயரில்லாத மலிவு லைன்களின் பளபளப்பைப் பார்த்தும் மயங்க வேண்டாம். அமெரிக்க எஃப்எம்விஎஸ்எஸ் 106 தரத்தில் பிரேக் ஹோஸை 35 மணி நேரம் விடாமல் சுழற்றி அசைத்துச் சோதிக்கிறார்கள். முனையும் ஹோஸும் சேரும் இடம்தான் அந்தச் சோதனையில் அடி வாங்கும். நல்ல லைனுக்கும் மட்டமான லைனுக்கும் வித்தியாசம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

மாட்டும்போது

கூட்டம் அலைமோதும் மாலை நேரத்தில், வண்டிக்காரர் தலைமேல் நிற்கையில் இதைத் தொடாதீர்கள். காலையில் வண்டியை வாங்கி, அரை நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். டேங்கையும் மட்கார்டையும் துணியால் மூடுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஒவ்வொரு போல்ட்டுக்கும் புது வாஷர் போட வேண்டும். ஒரு லைன் சேரும் போல்ட்டுக்கு இரண்டு, இரண்டு லைன் சேரும் போல்ட்டுக்கு மூன்று. பழைய செம்பு வாஷரை நெருப்பில் காட்டித் திரும்பப் போடுவதை பிரேக்கில் செய்யாதீர்கள். இறுக்கம் எவ்வளவு என்பது அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும். கைப்பழக்கத்தை நம்பி இறுக்கினால் நடுவில் துளை போன போல்ட் முறியும்.

போல்ட்டை இறுக்கும்போது லைன் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ளுங்கள். டெஃப்லான் குழாய் ஒருமுறை மடிந்தால் அந்த மடிப்பு போகாது. அந்த லைனைத் தூக்கிப்போட வேண்டியதுதான். உறை இல்லாத பின்னல் அரம் மாதிரி வேலை செய்யும். ஃபோர்க், வயர், ரேடியேட்டர் என எதில் உரசினாலும் அதை அறுக்கும். அதனால் முன் சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கை முழுதாக நீட்டியும், பிறகு பெல்ட் கட்டி அமுக்கியும், இரு நிலையிலும் ஹேண்டிலைக் கடைசிவரை இருபுறமும் திருப்பிப் பாருங்கள். லைன் எங்கும் இழுபடக் கூடாது, உரசக் கூடாது, சக்கரத்தைத் தொடக் கூடாது.

இனி ஆயில். எந்த வகை என்று மாஸ்டர் சிலிண்டர் மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5 மட்டும் சிலிக்கான். எண் பக்கத்தில் இருக்கிறதே என்று 5.1 கேட்கும் வண்டிக்கு 5 ஊற்றிவிடக் கூடாது. கிளைகால் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 ஆகிவிடுகிறது. மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது காலிபரில் ஆயில் கொதித்து ஆவியானால் லிவர் ஒட்டுமொத்தமாக உள்ளே போய்விடும். போன மாதம் திறந்து வைத்த டப்பாவை எடுக்காமல், சீல் உடைக்காத சிறு டப்பாவை வாங்குவது இதனால்தான்.

காலி லைனில் ஏர் எடுக்கப் பொறுமை வேண்டும். லிவரை அடித்து அடித்து ஓய்வதைவிட, பெரிய சிரிஞ்சால் காலிபர் நிப்பிள் வழியாக ஆயிலைக் கீழிருந்து மேலே தள்ளுவது சுலபம். காற்று மேலே ஏறத்தான் பார்க்கும். அப்போது மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டேங்க் நிரம்பி வழியாமலும், பிறகு லிவர் பிடித்து எடுக்கும்போது காலியாகாமலும் ஒரு கண் அங்கேயே இருக்கட்டும். எல்லாம் முடிந்தும் லிவர் பஞ்சு மாதிரி இருந்தால், மாஸ்டர் சிலிண்டர் பக்கத்து பேன்ஜோவில் காற்று தங்கியிருக்கும். துணி சுற்றி, லிவரை அழுத்திப் பிடித்து, அந்த போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி உடனே மறுபடி இறுக்குங்கள்.

ஏபிஎஸ் வண்டியில் இதே வேலை இன்னொரு தரம். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு இந்தியாவில் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் இதைத் தவிர்க்கவும் முடியாது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஏபிஎஸ் மாடுலேட்டருக்கு ஒன்று, அங்கிருந்து காலிபருக்கு ஒன்று என லைன்கள் கூடும். மாடுலேட்டருக்குள் காற்று புகுந்தால் சில மாடல்களில் கம்பெனி ஸ்கேனர் இல்லாமல் வெளியே வராது. அந்த ஸ்கேனர் உங்கள் பட்டறையில் இல்லையென்றால் வேலையை ஏற்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சாவி கொடுக்கும் முன்

ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைத் துணியால் துடைத்து, லிவரைப் பலமாகச் சற்று நேரம் பிடித்து, பிறகு டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தெரிந்துவிடும். பிறகு வண்டியை நடை வேகத்தில் நீங்களே ஓட்டி நிறுத்துங்கள், அடுத்து ஆளில்லாத தெருவில். முதலில் ஓட்டுவது நீங்களாகத்தான் இருக்க வேண்டும். லிவர் முன்பைவிட சீக்கிரம் பிடிக்கும் என்று வண்டிக்காரருக்குச் சொல்லி அனுப்புங்கள். பழைய பழக்கத்தில் பலமாக அழுத்தினால், ஏபிஎஸ் இல்லாத வண்டியில் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

பில்லில் லைன், வாஷர், ஆயில், கூலி நான்கையும் தனித்தனியாகப் போடுங்கள். உங்கள் நேரத்துக்கு என்ன விலை என்று அவருக்கும் தெரியட்டும். வாரண்டியில் உள்ள வண்டி என்றால், பிரேக் சம்பந்தமான உரிமைகோரலைக் கம்பெனி மறுக்கலாம் என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழைய ஹோஸைப் பையில் போட்டு அவரிடமே கொடுங்கள்.

கற்றுக்கொள்ள வழி பல. ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு 2 ஆண்டுப் படிப்பு; அங்கே ஹைட்ராலிக் பிரேக்கின் அடிப்படை கிடைக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சில காலம் இருந்தால் மேனுவல் பார்த்து வேலை செய்யும் ஒழுங்கு வரும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் தேசிய பைக் பந்தயம் நடக்கும் நாட்களில் போய், மெக்கானிக்குகள் வேலை செய்வதைக் கிட்டே நின்று பாருங்கள். ஒருவர் இறுக்கிய போல்ட்டை இன்னொருவர் சரிபார்ப்பதைக் கவனியுங்கள். உங்கள் பட்டறையிலும் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு இரண்டாவது முறை பார்க்கச் சொல்லலாம். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து வண்டியை ஒருமுறை திரும்பக் கொண்டுவரச் சொல்லி, கூலி வாங்காமல் பாருங்கள். முனைகளில் ஈரம், உறையில் உரசல், லிவரின் கெட்டித்தன்மை மூன்றையும் பார்த்து ஜாப் கார்டில் எழுதி, அடுத்து ஆயில் மாற்ற வேண்டிய மாதத்தையும் அதிலேயே குறித்துக் கொடுங்கள்.